மஞ்சள் தீ

பாக்கியவதிக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டு கேஸ் அடுப்புக்கு முன்னால் போயிருக்கிறது. அவள் கை வைத்த அடுப்பு ஒருவரையும் சுட்டதில்லை. 2026 ஜனவரி 24, சனிக்கிழமை வரைக்கும் இதை மறுத்துச் சொன்னவர் யாரும் கிடையாது.

திங்கட்கிழமை குடியரசு தினம். வாகட்டில் அந்த நாலு டவர் சொசைட்டியின் புல்தரையில் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தார்கள். வெள்ளைக் குர்த்தாக்களும் பிள்ளைகளும் கூடிக்கொண்டிருந்தார்கள். பாக்கியவதி ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். ஒன்பதாவது மாடியில் முரளி வீட்டுப் பெரிய பர்னர் அணைந்து அணைந்து எரிகிறதாம். பத்து நிமிஷ வேலை.

செக்யூரிட்டிக்காரன் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு அதை அவள் பக்கம் திருப்பினான். அவள் படம், அதன் குறுக்கே சிவப்புப் பட்டை.

"மாவ்ஷி, உங்க பேர் ப்ளாக்ல இருக்கு," என்றான் மராத்தியில், குரலைத் தாழ்த்தி.

"என் பேரா? யார் போட்டது?"

"ஆபீஸ்ல போட்டாங்க. சி-704 கம்ப்ளெயிண்ட்."

அவனுக்கே சங்கடமாக இருந்தது போலும். தன் போனை எடுத்து சொசைட்டி குரூப்பில் சனிக்கிழமை வந்த செய்தியைக் காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது. பாக்கியவதி என்ற இந்தப் பெண்ணை யாரும் அழைக்க வேண்டாம், ஜெட் மாற்றியதில் கவனக்குறைவு, புதுவீட்டில் பால் காய்ச்சும்போது தீ எகிறி என் மனைவியின் கை வெந்துவிட்டது, மற்ற சொசைட்டி குரூப்களுக்கும் தெரிவிக்கவும். கீழே அவள் போன் நம்பர். எழுதியவர் ஜெகதீசன், சி-704.

நாற்பத்தொரு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டு பர்னரை அவள் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் மட்டும் மூன்றாவது முறையும் நின்றாள். வாரத்தில் நாலு நாள் அவளுக்கு வேலை இந்தச் சொசைட்டியிலும் இதை ஒட்டிய இரண்டிலும்தான். மூன்று கேட்டிலும் ஒரே ஆப். இங்கே விழுந்த சிவப்புப் பட்டை நாளைக்கே அங்கேயும் விழும். அதன் பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதற்கு இடம் இருக்காது.

முரளிக்கு போன் போட்டாள்.

"சார், கீழ நிக்கிறேன். கேட்ல உட மாட்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அக்கா, இன்னைக்கு வேணாம். கொடியேத்தம், கூட்டமா இருக்கு பாருங்க. அப்புறம் நானே கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டார். ஐந்து வருஷப் பழக்கம். இந்தச் சொசைட்டிக்குள் அவளை முதன்முதலில் கூட்டி வந்ததே முரளிதான்.

பாக்கியவதி பிறந்தது இதே ஊரின் கட்கிப் பகுதியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இருபத்தெட்டு வயதில் அவள் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் புக்கிங் எடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தாள். போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். தீ மஞ்சளா எரியுது, நாப் திரும்ப மாட்டேங்குது, அடுப்பை அணைச்சாலும் லேசா நாத்தம் வருது. ஏஜென்சியின் மெக்கானிக் இரண்டு நாள் கழித்துத்தான் போவான். அவள் போனிலேயே கேட்க ஆரம்பித்தாள். மஞ்சள் எல்லா பர்னரிலுமா, ஒன்றில் மட்டுமா? நாத்தம் குழாய்ப் பக்கமா, நாப் பக்கமா? சோப்பு நுரையைத் தடவுங்கள், எங்கே முட்டை விடுகிறது என்று சொல்லுங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னவர்களை அந்தப் பக்கம் காது வலிக்கிற அளவுக்குத் திட்டினாள். ஒரு வருஷத்தில் ஜனங்கள் மெக்கானிக்கை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்கள். அவள் கணவன் லியோனார்ட் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவன். வாயாலேயே ரிப்பேர் பண்ணுகிறாள் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அவள் அடுத்த வாரமே ஸ்பேனர் வாங்கினாள்.

அடுப்பைத் திறந்தால் வீடு தெரியும் என்பாள் அவள். மராத்தி வீட்டு பர்னரில் போஹா என்கிற அவல் உப்புமாவின் கடுகு சிக்கியிருக்கும். தமிழ் வீடு என்றால் பால். புதுவீடு வாங்குகிற தமிழர்கள் முதல் நாள் முதல் காரியமாகப் பாலைப் பொங்க விட்டு பர்னரை அடைத்துவிட்டு, மறுநாள் அவளைக் கூப்பிடுவார்கள். தை பிறந்து பொங்கல் முடிந்தால் வாகட் முழுக்க இதே வேலை.

போன செவ்வாய்க்கிழமை, இருபதாம் தேதி, சி-704க்கு அப்படித்தான் போனாள். கோயம்புத்தூர்க்காரர்கள். ஜெகதீசன் ஆபீஸ் போயிருந்தான், மனைவி ஸ்ரீவித்யா மட்டும் இருந்தாள். ஊரிலிருந்து கொண்டு வந்த நாலு பர்னர் அடுப்பு. சிலிண்டருக்கான ஜெட் போட்டது. வீட்டில் இருப்பதோ பைப் கேஸ். ஜெட் என்பது பர்னருக்கு அடியில் கேஸ் வெளியே வருகிற ஊசித்துளை போட்ட பித்தளைத் திருகு. சிலிண்டர் கேஸுக்குத் துளை சின்னது. பைப் கேஸ் லேசானது, அழுத்தமும் குறைவு, அதனால் துளை பெரிது. சின்ன ஜெட்டில் பைப் கேஸ் விட்டால் தீ அகல்விளக்கு மாதிரி நடுங்கும். பெரிய ஜெட்டில் சிலிண்டரை மாட்டினால் ஆளுயரத்துக்கு வரும்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. பைப்பில் கேஸ் வந்த பிறகுதான் ஜெட்டைத் தொடுவாள். மாற்றி, பற்றவைத்து, நீலத் தீயை வீட்டுக்காரர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். அன்றைக்கு பைப்பில் கேஸ் இல்லை. இரண்டு நாளில் வந்துவிடும், வெள்ளிக்கிழமை விடியற்காலை பால் காய்ச்ச வேண்டும், அன்றைக்கு உங்களைக் கூப்பிட நேரம் இருக்காது அக்கா, மாத்திக் கொடுத்துட்டுப் போயிருங்க என்று ஸ்ரீவித்யா கெஞ்சினாள். பாக்கியவதி மாற்றினாள். இதில் இனிமேல் சிலிண்டர் மாட்டக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது கேட்டில் நின்று அந்த வெள்ளிக்கிழமையைத் திரும்பத் திரும்ப யோசித்தாள். அவள் ஜெட்டில் பைப் கேஸ் எரிந்திருந்தால் கை வெந்திருக்க வழியே இல்லை.

லியோனார்டுக்கு போன் செய்தாள்.

"வீட்டுக்கு வந்துடு. பெரிய எடத்து ஆளுங்க. கத்தி இன்னா ஆகப் போவுது?" என்றான்.

"கத்தாம இருந்தா இன்னா ஆவும்னு சொல்லு."

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். சொசைட்டி செக்ரட்டரி நிம்பால்கர் பூமாலையோடு கேட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் பிடிக்காதவர். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சத்தமாக ஆரம்பித்தாள், நல்ல சுத்தமான மராத்தியில்.

"நிம்பால்கர் சாஹேப், உங்க வீட்டு அடுப்பை நான் நாலு வருஷமா பார்க்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காம என் படத்துக்கு மேல சிவப்புக் கோடு போட்டிருக்கீங்க. எழுதினவரைக் கீழே கூப்பிடுங்க. இல்லே அந்த அடுப்பைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, இங்கேயே கொடிக்கம்பத்துக்குக் கீழே பிரிச்சுக் காட்டறேன். எல்லாரும் பார்க்கட்டும்."

புல்தரையில் தலைகள் திரும்பின. ஒரு பிள்ளை கையிலிருந்த காகிதக் கொடியை ஆட்டுவதை நிறுத்தியது. நிம்பால்கர் மாலையை செக்யூரிட்டிக்காரன் கையில் கொடுத்தார்.

"கத்தாதேம்மா. வா, நானே கூட வர்றேன். பத்து நிமிஷத்துல முடிக்கணும், ஒன்பதரைக்குக் கொடி."

சி-704இன் கதவில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. ஜெகதீசன் திறந்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஹிஞ்சவடியில் ஏதோ கம்பெனியில் டீம் லீட். அவளுக்குப் பின்னால் செக்ரட்டரியைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைச் சரி செய்தான்.

"அக்கா... வாங்க. நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு..."

"அக்கான்னு கூப்புடாதே. குரூப்புல இந்தப் பெண்ணுன்னுதானே எழுதிக்கீறே? அப்படியே கூப்புடு."

வாடிக்கையாளர் யாரையும் அவள் ஒருமையில் பேசியதில்லை. இன்றைக்கு அது தானாக வந்தது.

சோபாவில் ஸ்ரீவித்யா உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் வரை கட்டு. பாக்கியவதி சோபா பக்கம் போய்க் கட்டைக் குனிந்து பார்த்தாள்.

"எங்கம்மா காட்டினே?"

"ஔந்த்ல ஒரு டாக்டர்கிட்டங்க. நாளைக்குக் கட்டு மாத்தணும்."

"விரல் மடங்குதா?"

"மடங்குதுங்க. எரியுது."

பாக்கியவதி சமையலறைக்குள் போனாள். செக்ரட்டரியும் ஜெகதீசனும் பின்னால் போனார்கள். அடுப்பின் மேல்கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். அவள் பையிலிருந்து டார்ச் எடுத்து மேலே சிம்னியின் அடிப்பக்கம் அடித்தாள். கறுப்பு. பர்னரைத் தூக்கினாள். அவள் போட்ட ஜெட் நாலும் அப்படியே இருந்தன, திருகின தடம்கூட மாறவில்லை. பர்னரின் அடியில் விரலைத் தேய்த்து அந்த விரலை நிம்பால்கரின் வெள்ளைக் குர்த்தாவுக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். அவர் பின்வாங்கினார்.

"சாஹேப், இது கரி. பைப் கேஸ்ல இந்த ஜெட் நீலமா எரியும், இப்படிக் கரி கட்டாது," என்றாள் மராத்தியில். பிறகு ஜெகதீசனிடம் தமிழில் கேட்டாள்: "வெள்ளிக்கெழம தீ எப்படி வந்துச்சு?"

"மஞ்சளா, ஒயரமா வந்துச்சுங்க. பாலு சட்டுனு பொங்கிருச்சு. நல்ல சகுனம்னு எல்லாரும் கை தட்டினோம். அப்புறம்தான் இவ பாத்திரத்தை எறக்கப் போயி..."

அவள் அவன் முடிப்பதற்குக் காத்திருக்கவில்லை. சமையலறையை ஒட்டிய ட்ரை பால்கனிக் கதவைத் தள்ளினாள்.

"அங்க துணி காயுதுங்க," என்றான் ஜெகதீசன் அவசரமாக.

துணிக்குப் பின்னால் சுவரில் கேஸ் மீட்டர் இருந்தது. வால்வில் ஈயச் சீல் உடைபடாமல் தொங்கியது. கண்ணாடிக்குள் எல்லா இலக்கமும் பூஜ்யம். இந்த வீட்டுக் குழாயில் இதுவரை ஒரு மூச்சு கேஸ்கூட வந்ததில்லை.

பாக்கியவதி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் செக்ரட்டரிக்காக ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சிரிப்பை மாற்றாமலே, நிம்பால்கருக்குப் புரியாத தமிழில் பேசினான்.

"அக்கா, தயவு பண்ணுங்க. சிலிண்டர் விசயம் மட்டும் வேண்டாங்க. பைப் போட்ட டவருக்குள்ள சிலிண்டர் கொண்டாரக் கூடாதுன்னு ரூலுங்க. ஃபைன் போட்டாக்கூடப் பரவால்லீங்க, குடுத்தவரு பேரும் வெளிய வந்துரும். ப்ளாக்கை நானே எடுக்கச் சொல்லீர்றேன். மெசேஜையும் இப்பவே அழிச்சர்றேன்."

"குடுத்தவரு யாரு?"

அவன் கண் கூரையைப் பார்த்தது. இரண்டு மாடிக்கு மேலே முரளி வீடு. பைப் வந்தும் பழைய சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காமல், எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்திருப்பவர்களில் முரளியும் ஒருவர் என்று அவளுக்குத் தெரியும். காலையில் போனை அவர் அவ்வளவு சீக்கிரம் வைத்ததும் இப்போது புரிந்தது. கோபம் காதுவரை ஏறியது.

"அழிச்சிட்டா? நாப்பத்தோரு பேரு படிச்சுட்டாங்க. அழிச்சதை யாரு படிப்பாங்க?"

"ரெண்டும் கேஸ்தானேன்னு நெனச்சுட்டனுங்க."

"கீழ நிக்குதே உன் டீசல் காரு. அதுல பெட்ரோல் ஊத்துவியா, ரெண்டும் எண்ணெய்தானேன்னு?"

"என்ன சொல்கிறார்?" என்று நிம்பால்கர் மராத்தியில் கேட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவரே சொல்லுவார்," என்றாள் பாக்கியவதி. ஜெகதீசன் பக்கம் திரும்பினாள். "ஹிந்தியில சொல்லு. நேரா சொல்லு. நான் சொன்னா உன்மேல பழி போடறேன்னு ஆவும்."

அவன் நிம்பால்கர் பக்கம் திரும்பவில்லை. பைப் கம்பெனி தேதியைத் தள்ளிவிட்டது, முகூர்த்தத்தைத் தள்ள முடியுமா என்று தமிழிலேயே அவளிடம் மறுபடி ஆரம்பித்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்." சமையலறை வாசலில் ஸ்ரீவித்யா நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை மற்றக் கை தாங்கியிருந்தது. "அக்கா சிலிண்டர் மாட்டக்கூடாதுன்னாங்கன்னு சொன்னேன். இண்டக்ஷன்ல காய்ச்சிக்கலாம்னும் சொன்னேன். தீ கண்ணுல தெரியோணும், இல்லாட்டி அது பால் காய்ச்சுனதாவே ஆகாதுன்னு ஊர்ல இருந்து வீடியோ கால்ல உங்க வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நீங்களும் தலையாட்டுனீங்க. கை வெந்தது எனக்கு. அதுக்கும் மேல அவங்க பேரை எதுக்கு எழுதுனீங்க?"

"வித்யா, அவரு நிக்கிறாரு."

"நிக்கட்டுங்க."

அவளே நிம்பால்கரிடம் ஹிந்தியில் சொன்னாள். சிலிண்டர் மேலேயிருந்து வந்தது, அதிகாலை ஐந்து மணிக்கு லிப்டில் கொண்டு வந்தது, யார் கொடுத்தது என்பது வரை. நாலே வாக்கியம். நிம்பால்கர் கேட்டுக்கொண்டார். மீட்டருக்கு முன்னால் போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பூஜ்யங்களைப் படித்தார். வெளியே வந்தபோது ஜெகதீசனைப் பார்க்கவில்லை. பாக்கியவதியைப் பார்த்தார்.

"பைப்பில் கேஸ் இல்லாதபோது நீ ஏன் ஜெட்டை மாற்றினாய்? என் வீட்டில் பைப் வந்தபோது நாலு நாள் காத்திருக்க வைத்தாயே. கேஸ் வந்தால்தான் தொடுவேன் என்றாய்."

இந்தக் கேள்விக்கு அவளிடம் சண்டை இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் தமிழில் கெஞ்சினாள், அக்கா என்றாள், ஒரு டம்ளர் காபி கொடுத்தாள். நிம்பால்கருக்கு இல்லாத சலுகை அவளுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம்.

"அது என் தப்பு," என்றாள் மராத்தியில். "கேட்டாங்க, மாத்திட்டேன். மாத்தியிருக்கக் கூடாது."

சொல்லி முடித்ததும் கோபம் இன்னும் கூடத்தான் செய்தது. இப்போது அது யார்மேல் என்று பிரிக்க முடியவில்லை. ஜெகதீசன் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"எழுது. அதே குரூப்புல. இங்கிலீஷ்ல, எல்லாருக்கும் புரியற மாதிரி."

அவன் எழுதினான். படித்துக் காட்டச் சொன்னாள். சில தவறான புரிதல்கள் காரணமாக என்று ஆரம்பித்தது.

"புரிதல் எல்லாம் வேணாம். சிலிண்டர்னு போடு."

மறுபடி எழுதினான். பைப் கேஸுக்கு மாற்றிய அடுப்பில் நான் சிலிண்டரை மாட்டினேன், விபத்துக்கு அதுதான் காரணம், மெக்கானிக் எச்சரித்திருந்தார்.

"அதோட இன்னொண்ணு போடு. கேஸ் வர்றதுக்கு முன்னாடியே ஜெட்டை மாத்தினது மெக்கானிக் தப்புன்னு."

அவன் நிமிர்ந்தான். "அது எதுக்குங்க? அது வேண்டாங்க."

"போடு. நீ மறைச்ச மாதிரி நானும் மறைக்கணுமா?"

அவன் அனுப்பினான். நிம்பால்கர் கேட்டுக்கு போன் செய்து ஒரு வரி சொன்னார். சி-704க்கும் ஒன்பதாம் மாடிக்கும் கமிட்டி நோட்டீஸ் வரும் என்று ஜெகதீசனிடம் சொல்லிவிட்டு லிப்டுக்கு விரைந்தார். குரூப்பில் முதல் ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல் தூக்கியவர்கள் ஆறு பேர்.

பாக்கியவதியின் போன் அடித்தது. முரளி. அவள் எடுத்தாள்.

"அக்கா, செக்ரட்டரி இப்பதான் போன் பண்ணாரு. என் பேரு ஏன் இதுல..."

"உங்க பேரை நான் சொல்லல சார். காலைல கேட்ல நின்னு என் பேரைச் சொல்லுங்கன்னு உங்களைத்தான் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். ஜெட் நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, நாப் நாலையும் உருவிப் பைக்குள் வைத்தாள். ஜெகதீசன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அதை எடுத்துட்டுப் போறீங்களாங்க?"

"ஆமா. நாப் இல்லாம எந்த சிலிண்டரை மாட்டினாலும் நீ பத்தவைக்க மாட்டே. உன்னை நம்பி வுட்டுட்டுப் போறதுக்கு இல்ல."

"அப்ப சமையலுக்குங்க?"

"இண்டக்ஷன்ல பண்ணிக்கோ. நீயே பண்ணு, அவ கையைப் பாரு." ஸ்ரீவித்யா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கவில்லை. "கட்டு மேல தண்ணி படாம பார்த்துக்கம்மா. மீட்டர் தெறக்க ஆளு வந்தா எனக்கு போன் போடு. அவன் இருக்கும்போதே வர்றேன்."

கீழே ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்திருந்தது. கேட்டில் செக்யூரிட்டிக்காரன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். படத்தின் குறுக்கே ஒன்றும் இல்லை. அவள் பார்த்துவிட்டு, தலையை ஆட்டாமல் ஸ்கூட்டரை உதைத்தாள்.

சி-704இன் மீட்டரைத் திறக்க 29-ஆம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆள் வருகிறார். பாக்கியவதியும் அந்த நேரத்துக்கு வருவாள்.